நாற்பது நாளைக்கு ஓர் ஆள்

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
14.01.2025

அன்புள்ள ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள், மச்சான், உம்மா எல்லோரும் அல்லாஹ்வின் காவலில் நலமாக இருக்க வேண்டும். நான் சுகம்.

போன் இருக்கும்போது இவள் ஏன் மச்சானின் பஸ்ஸில் கடிதம் கொடுத்துவிடுகிறாள் என்று நினைப்பீர்கள். உங்கள் போன் லவுட் ஸ்பீக்கரில் மட்டும்தான் கேட்கும். நான் சொல்லப் போவது உம்மாவைப் பற்றியது. கட்டிலில் கிடந்தபடி அவ ஒரு சொல் விடாமல் கேட்பா. அதோடு, போனில் நாமிருவரும் கதைத்தால் மூன்றாவது நிமிடம் சண்டை. எழுதினால் நீங்கள் குறுக்கே விழ ஏலாது.

வேலை செய்த புடவைக்கடை மூடியபின் நான் சும்மா இருக்கவில்லை. நோயாளர், முதியோர் பராமரிப்புக்கு ஒன்லைனில் படிக்கிறேன். கொழும்பிலிருந்து ஒரு மெடம் படிப்பிக்கிறா. இருபத்தாறு பேர் போனுக்குள் இருக்கிறோம். யாரோ ஒரு பிள்ளையின் வீட்டுச் சேவல் மெடத்தை விடக் கூடக் கதைக்கிறது. பாஸ் பண்ணினால் அவர்களே வேலைக்கு எடுப்பார்களாம். நாற்பத்தோரு வயதில், தலாக் ஆனவளுக்கு, வேறு யார் வேலை தரப் போகிறார்கள்?

வீட்டுக்கார இராசமலர் அக்காவைப் பாயில் படுக்க வைத்துத்தான் பழகுகிறேன். புரட்டப் போனால், "ஐயோ பிள்ளை, கூசுது, விடடி" என்று சிரித்துக் கொல்லுகிறா. பிறகு தலையணையைப் புரட்டிப் பழகினேன். தலையணை நல்ல நோயாளி, முனகாது.

ஆனால் கடைசிச் சோதனைக்குத் தலையணை சரிவராது, இராசமலர் அக்காவும் சரிவரா. உண்மையிலேயே படுக்கையில் இருக்கும் ஒருவரைப் புரட்டி, துடைத்து, விரிப்பு மாற்றி, கஞ்சி பருக்கி, பன்னிரண்டு நிமிட வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். எனக்கு உம்மாவை விட்டால் யார் இருக்கிறார்கள், ராத்தா? பார்ப்பது மெடம் மட்டும்தான், பொம்பிளைதான். முகம் காட்டத் தேவையில்லை. நீங்கள் ஓம் என்றால் வருகிறேன்.

உங்கள் தங்கை,
பஹ்மியா


புல்மோட்டை
17.01.2025

அன்புள்ள தங்கைக்கு,

வஅலைக்கும் ஸலாம். உன் கடிதத்தைக் குசினியில் நின்று வாசித்தேன். வாசித்துவிட்டு அடுப்பில் போடப் போனேன், உன் மச்சான்தான் பறித்து வைத்தார்.

உம்மா என்ன உனக்குப் பொம்மையா? ஒன்றரை வருஷமாக உம்மா பாரிசவாதத்தில் கிடக்கிறா. நீ பெருநாளுக்குப் பெருநாள் வந்து, தொதல் இனிப்பும் கொண்டு வந்து, கட்டில் ஓரத்தில் அரை மணித்தியாலம் இருந்து அழுதுவிட்டுப் போகிறாய். இப்போது வந்து துடைப்பாயாம், அதுவும் படம் எடுக்க. தலை முந்தானை விலகாமல் எழுபத்திரண்டு வயது வரைக்கும் இருந்த மனுஷி. அவட உடம்பை எவளோ ஒரு மெடம் கொழும்பில் கதிரையில் இருந்து பார்த்துப் புள்ளி போடுவாளா? உனக்கு விசரா?

சரி, கோபத்தை விடு. எனக்கும் ஒரு விஷயம் உன்னிடம் சொல்ல இருக்கிறது. போனில் சொன்னால் உம்மாவுக்குக் கேட்கும், அதனால் எழுதுகிறேன். தூக்கித் தூக்கி எனக்குக் கர்ப்பப்பை இறங்கிவிட்டது. கிளினிக்கில் டொக்டர், "இனி ஒரு வாளித் தண்ணிகூடத் தூக்கப்படாது, ஒப்பரேஷன் செய்யத்தான் வேணும்" என்று ஏசினார். செய்த பிறகு நாற்பது நாள் ஒன்றும் தூக்காமல் இருக்க வேண்டும். நாற்பது நாளைக்கு உம்மாவைப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். உன் மச்சான் பொழுது விடிய பஸ்ஸில் ஏறினால் பொழுதுபட்டு மஃரிபுக்குத்தான் வருவார். அவர் நின்றாலும், ஆம்பிளை கழுவ உம்மா விடமாட்டா.

நீ வருவாயா? இதற்கு மட்டும் பதில் எழுது.

கடிதத்தை முடிக்கப் போனேன், அதற்குள் உன் மச்சான் உம்மாவிடம் உன் வீடியோக் கதையைச் சொல்லிவிட்டார், வாய் கொள்ளாத மனுஷன். உம்மா, "படிப்புக்குத்தானே, வரட்டும்" என்கிறா. நான் என்ன செய்ய? வா.

ராத்தா
ஹுஸ்னியா


திருகோணமலை
03.02.2025

அன்புள்ள ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நீங்கள் கட்டித் தந்த கருவாடு பஸ் முழுவதும் மணத்து, நிலாவெளியில் ஏறிய வெள்ளைக்காரப் பிள்ளை மூக்கைப் பொத்தியது. மச்சான் என்னைத் தெரியாதவர் போல் டிக்கெட் எழுதினார்.

வீடியோ அனுப்பிவிட்டேன். வாய் மட்டும் தெரிய, உம்மாவின் முகத்தையும் முடியையும் நீங்களே துணியால் மூடிவிட்டீர்களே, அந்த மட்டுக்கு எனக்கும் நிம்மதி.

ஆனால் ராத்தா, அங்கே சொல்ல வாய் வரவில்லை. உம்மாவின் வலது இடுப்பில் இருப்பது நீங்கள் நினைக்கும் சூட்டுக் கட்டி இல்லை. படுக்கைப் புண். நீங்கள் பவுடர் போட்டு மூடியிருந்ததைத் துடைத்தபோது பார்த்தேன், சின்ன விரல் நுனி உள்ளே போகும். ஒரே பக்கம் கிடந்தால் இப்படித்தான் வரும். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் புரட்ட வேண்டும் என்று படிப்பித்தார்கள். நான் இடப்பக்கம் புரட்டினேன், முகம் சுவர்ப் பக்கமாகி, தொழும் திசை முதுகுக்குப் பின்னால் போனதும் உம்மா "கிப்லா, கிப்லா" என்று குழந்தை மாதிரி அழுதா. வீடியோவில் அந்த இடத்தில் சத்தத்தை வெட்டித்தான் அனுப்பினேன்.

உங்களைப் பிழை சொல்ல எழுதவில்லை. நீங்கள் இல்லாவிட்டால் உம்மா இல்லை, அது எனக்குத் தெரியும். பிழை சொல்ல எழுதவில்லை, ஆனால் பக்கம் மாற்றுங்கள். ஒரு நேர்ஸிடம் காட்டுங்கள். நான் பிழை சொல்லவே இல்லை.

நாற்பது நாள் கதைக்குப் பதில்: முடிவு வந்ததும் வருவேன், இன்ஷா அல்லாஹ்.

பஹ்மியா


புல்மோட்டை
06.02.2025

தங்கைக்கு,

பிழை சொல்ல எழுதவில்லை என்று மூன்று தரம் எழுதியிருக்கிறாய். மூன்று தரம் எழுதினால் அது பிழை சொல்வதுதான்.

உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். வாப்பா மௌத்தானபோது நீ கல்யாணம் முடித்துப் போயிருந்தாய். முற்றத்துக் கதிரையில், றோட்டைப் பார்த்தபடி, கிப்லாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் முகத்தைத் திருப்ப ஆளில்லாமல் போச்சே என்று உம்மா பதினொரு வருஷமாக அழுகிறா. தானும் விழுந்த அன்றைக்கு, நாக்குப் புரளத் தொடங்கியதும் முதலில் சொன்னது, "எந்த நேரம் வரும் எண்டு தெரியா மகள், என்ன வலப்பக்கமா கிப்லாவப் பாத்து வெச்சிரு." அன்றைக்கு வைத்தேன். அப்படியே வைத்திருக்கிறேன்.

மௌலவியைக் கூட்டிவந்து கேட்டோம். அது மௌத்து நேரத்துக்குரிய சுன்னத்தான வழக்கம்தான், கடமை இல்லை, எந்த நேரமும் தேவையில்லை, நோயாளிக்கு அல்லாஹ் இலேசாக்கித் தந்திருக்கிறான் என்று எவ்வளவோ சொன்னார். அவர் படலை தாண்டியதும் உம்மா, "அவருக்கு வயசு முப்பது. மௌத்து தூரம். எனக்கு அப்படியா?" என்றா. நீ வந்து அவட வாயை அடைத்துப் பார்.

நான் மாற்றிப் பார்க்காமல் இல்லை. இடப்பக்கம் புரட்டினால் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, மௌத்து வந்துவிட்டது போல் கலிமா சொல்லத் தொடங்குகிறா. எந்த மகளுக்கு அதைப் பார்த்துக்கொண்டு நிற்க ஏலும்? உன் மெடத்திடம் கேள், அவவின் புத்தகத்தில் இதற்கு என்ன போட்டிருக்கிறது?

ஒப்பரேஷனுக்கு மார்ச் தருகிறோம் என்றார்கள். அது நோன்பு மாதம், நீயும் அதற்குள் வரமாட்டாய், வேண்டாம் என்றேன்.

ஹுஸ்னியா


திருகோணமலை
08.04.2025

அன்புள்ள ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாளைக்கு வராததற்கு நீங்கள் எவ்வளவு ஏசினாலும் தகும். வர முகம் இல்லை. பெருநாளுக்கு மூன்று நாள் முன்னர்தான் முடிவு வந்தது.

பெயில். மெடம் அனுப்பிய குறிப்பை அப்படியே எழுதுகிறேன், நான் ஏதும் கூட்டிக் குறைத்தேன் என்று நீங்கள் நினைக்கக் கூடாது: "புரட்டும் முறை சரி. ஆனால் நோயாளியின் வலது இடுப்பில் நாட்பட்ட படுக்கைப் புண். வீட்டுப் பராமரிப்பில் அலட்சியம் தெரிகிறது. நோயாளியின் நிலை சீரான பின் மீண்டும் அனுப்பவும்."

மே நடுவுக்குள் திரும்ப அனுப்பினால் பார்ப்பார்களாம். இல்லாவிட்டால் முதலிலிருந்து படிக்க வேண்டும். எனக்கு இனி அந்தச் சேவலைக் கேட்கத் தெம்பில்லை, ராத்தா. இந்த வேலையும் இல்லையென்றால் நான் என்ன செய்வேன்? இராசமலர் அக்கா ஒன்றும் கேட்பதில்லை, சாப்பாட்டுக் கோப்பையை மூடிக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறா. அதுதான் கூட வலிக்கிறது.

பஹ்மியா


புல்மோட்டை
21.04.2025

பஹ்மியாவுக்கு,

அலட்சியம்.

இந்தச் சொல்லை நான் எத்தனை தரம் வாசித்தேன் என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். உம்மாவுக்குக் கஞ்சி பருக்கும்போது கண்ணீர் கோப்பைக்குள் விழுந்துவிட்டது. "என்ன மகள், உப்புக் கூடிட்டா?" என்று கேட்கிறா. என் உடம்பே கீழே இறங்கிப் போச்சு, அந்த மெடத்துக்கு அது அலட்சியம். நீயும் அதை அழகான கையெழுத்தில் எழுதி அனுப்பியிருக்கிறாய். மனதிலே வைத்துக்கொள்ள உனக்கு ஏலாமல் போச்சா?

மூன்றாம் நாள் ஆத்திரத்தோடு போய்க் கட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உம்மா வடக்கே தலை வைத்து வலப்பக்கம் சாய்ந்தால் முகம் மேற்கே, கிப்லாவுக்கு. அப்போ தலையைத் தெற்கே வைத்தால்? இடப்பக்கம் சாய்ந்தாலும் முகம் கிப்லாவுக்குத்தானே! யா அல்லாஹ், இவ்வளவு நாளும் எங்கே போனது என் மூளை? உன் மச்சானைக் கூப்பிட்டுக் கால்மாட்டில் இருந்த அலுமாரியை நகர்த்தி, தலையணையைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டு, உம்மாவைத் திருப்பி வைத்தோம். கொஞ்ச நேரம் முழித்துப் பார்த்தா. பிறகு, "இது கிப்லாதானே?" என்றா. "கிப்லாதான் உம்மா" என்றேன். தூங்கிவிட்டா. காலையில் வடக்கே, பகலில் தெற்கே, இப்போது இதுதான் எங்கள் வேலை. நேர்ஸ் ஒருத்தி வந்து மருந்து கட்டுகிறாள். புண் சிவந்து ஆறத் தொடங்கிவிட்டது என்கிறாள்.

மே பத்தளவில் வா. வந்து எடு உன் வீடியோவை. இந்த முறை என் கையையும் படத்தில் எடு.

ஒப்பரேஷனுக்கு ஜூன் பதினாறு எடுத்திருக்கிறேன். நீ பாஸ் பண்ணிவிட்டு வருவாய் என்ற கணக்கில்தான் எடுத்தேன்.

ராத்தா


திருகோணமலை
20.05.2025

அன்புள்ள ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்ஹம்துலில்லாஹ், பாஸ்! உம்மாவிடம் சொல்லிவிட்டீர்களா? மெடம் எல்லோருக்கும் முன்னால் என் வீடியோவைப் பற்றிச் சொன்னா. தலைமாட்டை மாற்றிய யோசனை யாருடையது என்று கேட்டா. வாய் தவறி என்னுடையது என்று சொல்லிவிட்டேன். உங்களிடம் மறைக்க மனம் வரவில்லை. மன்னியுங்கள்.

இனிச் சொல்வதைப் பொறுமையாக வாசியுங்கள். வேலை வந்துவிட்டது. கொழும்பில் ஒரு வயதான பொம்பிளை, மாடி வீடு, பிள்ளைகள் வெளிநாட்டில். ஜூன் இரண்டாம் திகதி போய் நிற்க வேண்டும். முதல் மூன்று மாதம் லீவு இல்லை. இதை விட்டால் என் பெயர் பட்டியலின் கடைசிக்குப் போய்விடும், அடுத்தது எப்போது வருமென்று சொல்ல ஏலாதாம். கையெழுத்து வைத்துவிட்டேன்.

ஒப்பரேஷனை மூன்று மாதம் பிற்போட ஏலாதா? செப்டெம்பரில் நான் கட்டாயம் வருவேன்.

பஹ்மியா


புல்மோட்டை
24.05.2025

அன்புள்ள தங்கைக்கு,

வஅலைக்கும் ஸலாம். பாஸ் பண்ணியதில் சந்தோஷம். உம்மா பக்கத்து வீட்டு றஹ்மாவைக் கூப்பிட்டு, "என்ட சின்னவ டொக்டருக்குப் படிச்சு முடிச்சிட்டா" என்று சொல்கிறா. நான் திருத்தப் போகவில்லை. தலைமாட்டுக் கதையை விடு, யார் சொன்னால் என்ன.

பிற்போட ஏலாது. ஏசுவதற்கும் எனக்குத் தெம்பில்லை. இப்போது குந்தி எழும்பவும் கஷ்டம், தொழுகையும் கதிரையில் இருந்துதான். இன்னும் விட்டால் பெரிய கரைச்சலாகும் என்று டொக்டர் சொல்கிறார். றஹ்மாவைக் கேட்டுப் பார்த்தேன், மகளுக்குக் குழந்தை கிடைத்து அவளே நித்திரை இல்லாமல் திரிகிறாள்.

அதனால் ஒன்று கேட்கிறேன். உன் நிறுவனத்தில் இவ்வளவு பேரைப் படிப்பித்து விடுகிறார்களே, புல்மோட்டைக்கு நாற்பது நாளைக்கு ஓர் ஆள் அனுப்புவார்களா என்று கேள். என் காப்பை வைத்தாவது கொடுப்பேன். பொம்பிளையாக இருக்க வேண்டும், கொஞ்சம் பொறுமை உள்ளவளாக இருக்க வேண்டும். வருகிறவளின் பெயர் பஹ்மியா என்று இருந்தாலும் எனக்கு மறுப்பில்லை.

ராத்தா


கொழும்பு
10.06.2025

அன்புள்ள ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஹஜ்ஜுப் பெருநாளன்று உம்மாவோடு போனில் கதைத்தபோது, "எப்ப வாற?" என்று கேட்டா. சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் இருந்தது.

நீங்கள் கேட்டதை அலுவலகத்தில் கேட்டேன். அங்கிருக்கும் பிள்ளை கொம்பியூட்டரில் தேடிப் பார்த்தாள். நம் மாவட்டத்தில் பாஸ் பண்ணியவர்கள் பதினொரு பேர் இருக்கிறோம். சேரும்போது ஒரு படிவம் நிரப்பினோம், அதில் சொந்த மாவட்டத்தில் வேலை செய்ய விருப்பமா என்று ஒரு கேள்வி இருந்தது. பதினொரு பேரும் இல்லை என்றுதான் போட்டிருக்கிறோம். அந்தப் பிள்ளை என் முன்னாலேயே என் பெயரையும் வாசித்தாள்.

நான் அந்தப் படிவத்தை நிரப்பியது போன ஒக்டோபரில், ராத்தா. உங்களுக்கு முதல் கடிதம் எழுதுவதற்கு முன்னர்.

அருவருப்பு என்று நினைக்காதீர்கள். இங்கே இந்த அம்மாவுக்கு எல்லாம் செய்கிறேன், மூக்கைச் சுளித்ததில்லை. எனக்குப் பயம். முதல் தரம் வீடியோ எடுக்க வந்த அன்றைக்கு, நீங்கள் தண்ணீர் எடுக்கக் குசினிக்குப் போனபோது, உம்மா நல்ல கையால் என் மணிக்கட்டைப் பிடித்து, "நீ இரி" என்றா. அந்தப் பிடியை விடுவிக்க எனக்கு எவ்வளவு நேரம் எடுத்தது தெரியுமா? இங்கே எட்டு மணித்தியாலம் முடிந்தால் வேறொருத்தி வருவாள், நான் அறைக் கதவைச் சாத்தலாம். அங்கே வந்தால் சாத்தக் கதவு இல்லை.

நாற்பது நாள் என்கிறீர்கள். நாற்பத்தோராம் நாளும் உங்களுக்குத் தூக்க ஏலாது. அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வந்தால் நான் வந்ததுதான். ஐந்து வருஷம் ஒருவருக்கும் வேண்டாதவளாக இருந்துவிட்டு, இப்போதுதான் ஓரிடத்தில் என் பெயரைச் சொல்லி மரியாதையாகக் கூப்பிடுகிறார்கள். இதை விட எனக்கு ஏலாது.

செப்டெம்பரில் வருவேன் என்று எழுதியதும் பொய். நான் வரமாட்டேன், ராத்தா. நீங்கள் ஒப்பரேஷனுக்குப் போங்கள்.

பஹ்மியா


புல்மோட்டை
18.06.2025

பஹ்மியாவுக்கு,

கடிதம் கிடைத்தது. பதினாறாம் திகதி நான் போகவில்லை. ஆஸ்பத்திரி வாட்டிலிருந்து போன் எடுத்தார்கள், கட்டிலை வேறு ஆளுக்குக் கொடுங்கள் என்று சொன்னேன். இனி இதைப் பற்றி நீ எழுதாதே, நானும் எழுதமாட்டேன்.

நீ வரமாட்டாய் என்று உம்மாவிடம் நேற்றுச் சொன்னேன். கஞ்சி வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டா. பின்னேரம் அஸர் பாங்கு சொன்ன பிறகுதான், "பாவம், புள்ளைக்கு லீவு குடுக்கல்ல போல" என்றா.

நான் ஓம் என்று சொல்லிவிட்டேன்.

ராத்தா